உயர்திணை

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். யாழ் நகரில் திருநங்கையரும் தன்பாலீர்ப்பினரும் கூடும் சிறு நிலையமொன்றில், சனிக்கிழமைதோறும் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பது இன்று என் தொண்டு.

சென்ற மாதம் இளம் திருநங்கை ஒருத்தி வந்தாள். 2016ஆம் ஆண்டு முதல், மனநல மருத்துவ நிபுணர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பாலினத்தை மாற்ற இந்நாட்டில் வழியுண்டு. அதற்கான படிவத்தை நிரப்புகையில், "வீட்டிலை உம்மை எப்பிடிக் கூப்பிடுவினம், பிள்ளை?" என்றேன்.

"பேர் சொல்லாயினம், ஐயா. 'அது வந்திட்டுது, அது சாப்பிட்டிட்டுது' எண்டுதான்."

என் கை எழுத மறுத்தது. முப்பது ஆண்டுகள் தொல்காப்பியம் கற்பித்தவன் நான். ஆண் தன்மை மாறிப் பெண்மை பூண்டோரைச் சுட்டும் பெயருக்குத் தனி ஈறில்லை. உயர்திணை ஈறுகளைக் கொண்டே அப்பெயர் முடியும் என்பது சொல்லதிகார விதி. தெய்வத்தின் பெயரையும் அதே சூத்திரத்தில் உடன் வைத்தார் ஆசிரியர். நானோ அதனைப் பரீட்சை வினாவாகவே நடத்தி முடித்தேன். நடையில் பெண்மை தோன்றிய மாணவன் ஒருவனை வகுப்பார் 'அது' என்று நகைத்தபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில நாளில் அவன் பள்ளியை விட்டே போய்விட்டான்.

ஆசிரிய நண்பர்களே, அச்சூத்திரத்தைக் கற்பிக்கும் நாளில் சற்றே நில்லுங்கள். அது யாரைப் பற்றியது என்று வகுப்புக்குச் சொல்லுங்கள். அதைக் கேட்கக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் முன்னேயே இருக்கக்கூடும்.