வைக்கோலில் இருந்து ஒளிரும் துகள்: தண்ணீரைச் சோதிக்க கம்ப்யூட்டர் உதவுமா?

சென்ற மாதம் பாகூரில் இருந்து மாமா போன் செய்தார். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க ஒருவர் வீட்டிற்கு வந்தாராம். ஒரு டம்ளரில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்திருக்கிறார். போர்வெல் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "பாத்தீங்களா, இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா என்னிடம் கேட்டது இதுதான்: "நீ கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, தண்ணியில என்ன இருக்குன்னு அதுல பாத்துச் சொல்ல முடியாதாப்பா?"

முதலில் அந்த வித்தையைப் பார்த்துவிடுவோம். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கும். கரண்ட் பாயும் போது அது கரைந்து துருவாக வருகிறது. பழுப்பு நிறம் பெரும்பாலும் கம்பியில் இருந்து வந்ததுதான். மெஷின் தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு என்பதால் கரண்ட் சரியாகப் பாயாது. அது தெளிவாகவே இருக்கும். விஷம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இந்தச் சோதனைக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் மாமாவின் கேள்வி விளையாட்டானது அல்ல. தண்ணீரில் உள்ளதை நிறமாகவோ ஒளியாகவோ மாற்றிவிட்டால், அதை எண்ணாகப் படிக்க கேமராவும் கம்ப்யூட்டரும் போதும். அப்படி மாற்றித் தரும் பொருளைப் பாகூர், வில்லியனூர் பக்கம் கிடைக்கும் வைக்கோலில் இருந்தும் கரும்புச் சக்கையில் இருந்தும் கூட தயாரிக்கலாம். அதன் பெயர் கார்பன் டாட்ஸ்.

இவை 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். 2004-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியாளர்கள், கழிவோடு ஏதோ ஒளிர்வதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். 2012-ல் சீனாவில் புல்லில் இருந்தும், பம்ப்ளிமாஸ் பழத்தோலில் இருந்தும் தயாரித்தார்கள். அதே ஆண்டு ரூர்கேலா என்.ஐ.டி.யில் ஆரஞ்சுச் சாற்றில் இருந்து எடுத்தார்கள். அதன் பிறகு வைக்கோல், சக்கை, உமி என்று வயலில் மிஞ்சுவது எதையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுவைக்கவில்லை.

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. கழுவிக் காயவைத்துப் பொடித்த வைக்கோலைத் தண்ணீரோடு, உள்ளே டெஃப்லான் பூசிய கனமான ஸ்டீல் பாத்திரத்தில் இறுக மூடி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைக்கிறார்கள். பின்னர் மிக நுண்ணிய ஃபில்டரில் வடிகட்டினால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் அது நீலமாக ஒளிரும். இதை வீட்டுக் குக்கரில் முயற்சிக்க வேண்டாம். குக்கர் 120 டிகிரி அளவில் நின்றுவிடும். ஸ்டீல் பாத்திரத்திலோ காற்றழுத்தத்தைப் போல 10 முதல் 15 மடங்கு அழுத்தம் ஏறும்.

இந்தக் கரைசலில் சில உலோகங்கள் கலந்தால் ஒளி மங்கும். புல்லில் செய்தது செம்புக்கு மங்கியது, பம்ப்ளிமாஸில் செய்தது பாதரசத்திற்கு. குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பம்ப்ளிமாஸ் துகள் அதில் இருபதில் ஒரு பங்கைக் கூட கண்டுபிடித்தது.

மங்குவதை எண்ணாக எடுப்பது எப்படி? உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், கார்பன் டாட்ஸ் இல்லாமல். கடையில் கிடைக்கும் டானிக் வாட்டரில் குயினைன் இருக்கிறது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் அது நீலமாக ஒளிரும். (டார்ச்சைக் கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள்.) ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நுரை அடங்கும் வரை காத்திருங்கள். உப்பில் உள்ள குளோரைடு குயினைனின் ஒளியை மங்கச் செய்யும்.

அறையை இருட்டாக்கி, இரண்டு டம்ளர்களையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். இது முக்கியம். வெப் கேமராவும் செல்போன் கேமராவும் இருட்டாக இருந்தால் தாமாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். தனித்தனியாக எடுத்தால் மங்கிய டம்ளரும் பளிச்சென்று தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். டம்ளர்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு படமும் எடுத்திடுங்கள்.

படத்தை பெயின்ட் புரோகிராமில் திறந்து, கலர் பிக்கர் டூலால் டம்ளரின் நடுவில் க்ளிக் செய்திடுங்கள். எடிட் கலர்ஸ் விண்டோவில் ரெட், கிரீன், புளூ என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை இருக்கும். புளூ எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த டம்ளருக்குச் செல்லுங்கள். இரண்டிலும் 255 வந்தால் வெளிச்சம் அதிகம். டார்ச்சைத் தள்ளிப் பிடித்து மீண்டும் எடுக்கவும். ஒரு புள்ளியை மட்டும் நம்பாமல் ஒரு பகுதியின் சராசரி வேண்டும் என்றால், இமேஜ்ஜே என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளலாம்.

இவ்வளவு சுலபமா என்று எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ரசாயன ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவரிடம் மாமா வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தேன். கார்பன் டாட்ஸ் கரைசலில் அதை விட்டதும் ஒளி மங்கியது. இரும்பு என்று முடிவு செய்து மாமாவிற்குப் போன் போடப் போனேன். நண்பர் தடுத்தார். தண்ணீரை வடிகட்டிவிட்டு மறுபடி விட்டார்; மங்கல் பாதியாகக் குறைந்துவிட்டது. அதுவரை ஒளியை மறைத்ததில் பாதி வெறும் கலங்கல். மீதியும் இரும்புதானா, வேறு உலோகமா, அல்லது அந்த நிறமே புற ஊதாக் கதிரை விழுங்குகிறதா என்று இந்த ஒரு சோதனையில் சொல்ல முடியாது. அளவு தெரிந்த இரும்புக் கரைசல்களை வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். போர்வெல்லில் இருந்து தெளிவாக வந்து, குடத்தில் நின்ற பிறகு செந்நிறமாகும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு காற்றுபட்டு வேறு வடிவத்திற்கு மாறுவதுதான் அது. ஒரு வடிவத்திற்கு மங்கும் துகள் மற்றதற்கு மங்காமல் போகலாம். கிருமிகளைப் பற்றியோ இது எதுவும் சொல்லாது.

அவசரப்பட்டுப் போன் செய்திருந்தால், கம்பி விட்டுக் காட்டியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மாமாவிடம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்திற்குச் செல்லச் சொன்னேன். மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் தனி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். இரும்பு, குளோரைடு, நைட்ரேட், மொத்தக் கரைந்த உப்பு, ஈ.கோலை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிப்போர்ட் வந்த பிறகு மெஷின் பற்றிப் பேசலாம் என்று மாமா அந்த விற்பனையாளரிடம் சொல்லிவிட்டார்.