வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கதை

தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்குப் பகல் நீளமாகத்தான் தெரியும். டிவி சீரியல், செல்போன் எல்லாம் சலித்துப்போனால், ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

வளைகாப்பு போடும் ஏழாம் மாதத்திலேயே சிசு வெளிச்சத்தத்துக்கு அசைந்துகொடுக்கும். தாயின் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, அவள் உடம்பு வழியாகவும் போய்ச் சேருகிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது. ஏற்ற இறக்கமும் தாளமும் கேட்கும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் 1986இல் வெளியிட்ட ஆய்வு அருமையானது. கர்ப்பிணிகள் கடைசி 6 வாரம் ஒரே கதைப்பகுதியைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்து, சப்பும் விதத்துக்கேற்ப மாறும்படி காதில் கதைகளைப் போட்டார்கள். கேட்டுப் பழகிய கதை வர எப்படிச் சப்ப வேண்டுமோ, அப்படியே சப்பின அந்தப் பிஞ்சுகள்! வேறு பெண் படித்தபோதும் அதே கதைதான் பிடித்திருந்தது.

ஹெட்போனை வயிற்றில் வைக்க வேண்டாம். சாதாரணமாகப் பேசும் குரலே போதும்.