படகு வேண்டாம், மஞ்சள் கல் போதும்: டைவிங் பிரியர்கள் பொனேர் தீவுக்குப் படையெடுப்பது ஏன்?

ரோட்டோரம் ஒரு பிக்அப் வண்டி நிற்கிறது. பின்னால் நான்கைந்து ஏர் டேங்க். ஜன்னல் கண்ணாடி முழுசாக இறக்கப்பட்டிருக்கிறது. உள்ளே மொபைல் இல்லை, பர்ஸ் இல்லை, எதுவுமே இல்லை. பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்று, அதன்மேல் ஒரு பெயர். அந்தக் கல்லைத் தாண்டி இரண்டு பேர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்து போகிறார்கள். படகும் இல்லை, கைடும் இல்லை.

கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவில் டைவிங் என்றால் இதுதான். வெனிசுலா கரையிலிருந்து சுமார் 80 கி.மீ. வடக்கே இருக்கும் இந்தத் தீவின் பரப்பு வெறும் 288 சதுர கி.மீ. 2010 முதல் இது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் கடையில் செல்லுபடியாவது யூரோ அல்ல, அமெரிக்க டாலர். வீட்டிலும் தெருவிலும் பேசுவது பாப்பியாமெந்து. இங்கே 80-க்கும் மேற்பட்ட டைவ் இடங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேல் கரையிலிருந்தே இறங்கக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் அடையாளம், ரோட்டோரத்து மஞ்சள் கல்.

கரையிலேயே பவளப்பாறை எப்படி?

காற்று ஒரு காரணம். இங்கே வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்துதான் வீசும். அதனால் கிழக்குக் கரையில் அலை முட்டி மோத, தீவின் மறைவில் இருக்கும் மேற்குக் கரை பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். இரண்டாவது காரணம், மழை குறைவு. கள்ளிச்செடி வளரும் வறண்ட பூமி இது. சேற்றை அடித்து வந்து கடலில் கொட்டப் பெரிய ஆறு எதுவும் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போகும். வெளிச்சம் இருந்தால் பவளம் வளரும். மேற்குக் கரையில் கொஞ்ச தூரம் நீந்தினாலே சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் தரை சரிந்து இறங்கும். அந்தச் சரிவுதான் பவளப்பாறை.

இதில் ஏமாற்றமும் உண்டு. போஸ்ட்கார்டில் வரும் நீளமான வெள்ளை மணல் பீச்சை எதிர்பார்த்துப் போனால் முகம் சுருங்கிவிடும். பல இடங்களில் கரை என்பது உடைந்த பவளத் துண்டுகள்தான். தடித்த அடி உள்ள டைவிங் பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது. மணலில் காலாற உட்கார வேண்டுமானால் சொரொபோன் பீச் உண்டு, இடுப்பளவு தண்ணீரில் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்ளவும் தோதான இடம். இல்லையென்றால் எதிரே ஆளில்லாத க்ளெய்ன் பொனேர் குட்டித் தீவு.

டைவர்கள் தவறவிடாத இடங்களில் ஒன்று 'ஹில்மா ஹூக்கர்'. 1984-இல் பல டன் கஞ்சாவோடு பிடிபட்டு, அந்த வருஷமே மூழ்கிய 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் இது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் சர்ட்டிஃபிகேட்டோடு போகிறவர்களுக்கு 18 மீட்டர்தான் வரம்பு என்பதால், மேலிருந்து பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டும். '1000 ஸ்டெப்ஸ்' என்ற இடத்தில் படிகளை எண்ணினால் நூறுகூட வராது. டேங்க்கோடு திரும்பி ஏறும்போதுதான் பெயர்க்காரணம் புரியும்.

சுதந்திரம் இருக்கு, ஆனா ரூல்ஸும் இருக்கு

கைடு இல்லாமல் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்றால் பவளம் மிஞ்சுமா? பொனேர் இந்தக் கேள்வியை ரொம்ப முன்னாடியே கேட்டுவிட்டது. ஈட்டி வைத்து மீன் பிடிக்க 1971-லேயே தடை. 1979-இல் தீவைச் சுற்றிய கடல் முழுக்க, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே நங்கூரம் போடக் கூடாது, படகுகளை மிதவையில்தான் கட்ட வேண்டும். டைவர்கள் கையுறை போடவும் அனுமதி இல்லை. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும், அவ்வளவுதான் லாஜிக்.

வந்தவுடன் நேராகக் கடலில் குதிக்கவும் முடியாது. பூங்காவை நிர்வகிக்கும் 'ஸ்டினாபா' அமைப்புக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம் செலுத்தி, விதிமுறை விளக்கம் கேட்டு, ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் மஞ்சள் கல் பக்கம் போகலாம். தண்ணீருக்குள் மேலே கீழே போகாமல் மிதக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. தெரியாதவரின் கால் ஒரு உதை உதைத்தால், பல வருஷம் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் உடையும். ஆக்ஸிபென்ஸோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கும் தடை உள்ளது.

ஒரே ஒரு மீனுக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் கருணை இல்லை. இந்தோ-பசிபிக் கடலிலிருந்து அட்லாண்டிக்குக்கு வந்து சேர்ந்த லயன்ஃபிஷ், 2009-இல் பொனேரில் தலைகாட்டியது. குட்டி மீன்களைக் கணக்கில்லாமல் விழுங்கும் இதை, பயிற்சி பெற்றவர்கள் குத்திப் பிடிக்கலாம்.

கட்டணத்தால் தடுக்க முடியாதது

2014-இல் ஃபுளோரிடாவில் முதலில் தெரிந்த ஒரு பவள நோய், தீவு தீவாகப் பரவி 2023-இல் பொனேருக்கும் வந்தது. 20-க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்களைத் தாக்கும் இது, பவளத்தின் சதையை உரித்து வெள்ளை எலும்பாக விட்டுவிடும். மூளைப் பவளம் போன்ற பெரிய இனங்களுக்குத்தான் அடி பலம். சில டைவ் இடங்கள் கொஞ்ச காலம் மூடப்பட்டன. ஒரு இடத்தில் இறங்கியவர்கள் அடுத்த இடத்துக்குப் போகும் முன் உடை, ஃபின்ஸ், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் அலசச் சொன்னார்கள். ஒரே நாளில் மூன்று மஞ்சள் கல் பார்க்கும் பழக்கமே நோயைச் சுமக்கும் வழியாகிவிடக் கூடாதே! அதே வருஷம் கடல் வெப்பம் ஏறி, பவளம் நிறம் வெளுக்கும் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

'ரீஃப் ரினியூவல் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு கடலுக்கடியில் மரம் போன்ற சட்டங்களில் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்து, பிறகு பாறையில் நடுகிறது. பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலையில் டைவர்களும் சேரலாம்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகலாம். நெதர்லாந்துதானே என்று அசால்ட்டாக இருக்க வேண்டாம். பொனேர் ஷெங்கன் பகுதிக்குள் வராது, விசா விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். வெளியாட்களுக்கு 75 டாலர் நுழைவு வரியும் உண்டு.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். அந்தக் கடைசி நாளைத் தெற்குக் கரைக்கு ஒதுக்கலாம். இளஞ்சிவப்பு உப்பளங்கள், வெள்ளை உப்பு மலைகள், தூரத்தில் ஃபிளமிங்கோக்கள். ரோட்டோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கல் குடிசைகள், குனிந்தால்தான் உள்ளே போக முடியும். உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் இரவில் படுப்பதற்காக 1850-இல் கட்டியவை இவை. குடும்பத்தைப் பார்க்க வார இறுதியில் வடக்கே உள்ள ரின்கோன் வரை அவர்கள் நடந்தே போனார்கள். 1863-இல்தான் அடிமை முறை ஒழிந்தது. குடிசைக்கு நேர் எதிரேயும் ஒரு மஞ்சள் கல் இருக்கிறது.