கால்நடை மருத்துவம் பயிலப் புகுமுன்

கால்நடை மருத்துவம் பயில விரும்பும் மாணவருள் பலர், மதிப்பெண் ஒன்றே அதற்குரிய தகுதி என எண்ணுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் இப்படிப்புக்குரிய இடங்களுள் பெரும்பாலானவை மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. இங்கிலாந்திலோ, பண்ணையிலும் மருத்துவ நிலையத்திலும் சில வாரங்களேனும் பழகிய பின்னரே விண்ணப்பிக்க வேண்டும் எனக் கல்லூரிகள் பல எதிர்பார்க்கின்றன. நம் கல்லூரிகள் கேளாதபோது நமக்கு அப்பழக்கம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். கல்லூரி கேளாவிடினும் மாடு கேட்கும் என்பதே அதற்கு விடை.

இப்பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள் நீடிப்பது. குருதியும் சாணமும் தமக்கு ஒவ்வா என்பதைச் சேர்ந்த பின்னர் ஒருவர் உணர்ந்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. அவ்விடத்துக்காக ஏங்கி நின்ற மற்றொருவருக்கும் ஆகும்.

புதுக்கோட்டை மாவட்ட மாணவருக்கு இவ்வகையில் குறைவில்லை. வானம் பார்த்த நிலம் மிகுந்த இம்மாவட்டத்தில், மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவன ஆடும் மாடுமே. ஆயினும் மாடுகளிடையே வளர்ந்தவர் எல்லாரும் மாட்டை அறிந்தவர் ஆகார். உற்று நோக்குதல் வேண்டும்.

முதலில், நலமுள்ள விலங்கை அறிந்துகொள்ளுங்கள். நல்ல பசுவின் மூக்கு ஈரமாயிருக்கும், ஓய்ந்திருக்கையில் அசைபோடும். அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 பாரன்ஹீட் பாகை. இடப்புற விலாவின் பின்னுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால், இரைப்பை நிமிடத்துக்கு ஓரிரு முறை அசைவதை உணரலாம். அப்பள்ளம் திடீரெனப் புடைத்து எழுந்தால் அது வயிற்று உப்புசம். மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். இவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக.

அடுத்து, ஊரிலுள்ள அரசு கால்நடை மருந்தக மருத்துவரிடம் இசைவு பெற்று, விடுமுறை நாட்களில் உடனிருந்து காணுங்கள். கோமாரித் தடுப்பூசி முகாமில் மாட்டைப் பிடித்து நிறுத்த உதவலாம். சல்லிக்கட்டுக்கு முன்னர்க் காளைகளை மருத்துவர் சோதிப்பதையும் இம்மாவட்டத்தில் காணலாம்.

எல்லையையும் அறிதல் வேண்டும். ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் உங்கள் பணியல்ல. கன்று வீசிய பசுவின் கழிவுகளை வெறுங்கையால் தொடலாகாது. திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் குருதி கசியும் மாட்டை நெருங்கவே கூடாது; அது அடைப்பான் நோயாக இருக்கலாம். நாய் கடித்தால், காயத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சென்னையில் 1903ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2012இல் அண்டை மாவட்டமான தஞ்சையின் ஒரத்தநாட்டிலும் ஒரு கல்லூரி எழுந்தது. வாயில் அருகில் வந்துவிட்டது. ஒரே பசுவை நம்பி வாழும் ஏழை, அதனை ஒருநாள் உங்கள்முன் கொண்டுவந்து நிறுத்துவார். அப்போது அஞ்சாது தொடும் கையும் பொறுமையோடு நோக்கும் கண்ணும் உங்களுக்கு வேண்டும். அவற்றை இன்றே உங்கள் தொழுவத்தில் பழகத் தொடங்குங்கள்.