கறுப்பு சூரியன் வரைந்தால் கவலைப்பட வேண்டுமா? ஆர்ட் தெரபி சொல்லும் கதை

உங்கள் மகள் டிராயிங் நோட்டில் சூரியனுக்குக் கறுப்பு க்ரேயான் தீட்டியிருக்கிறாள். அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பாருங்கள். 'கறுப்பு அடிச்சா மனசுல பயம் இருக்குன்னு அர்த்தம்' என்பார் சித்தி. 'யூடியூப்ல பார்த்தேன், உடனே கவனிங்க' என்பார் மாமா. டப்பாவில் உடையாமல் மிச்சமிருந்தது கறுப்பு மட்டும்தான் என்பது யாருக்கும் தோன்றாது.

படம் மூலமாக மனதை அணுகும் துறை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதுதான் ஆர்ட் தெரபி. ஆனால், அந்தத் துறையை உருவாக்கியவர்களே சித்தியும் மாமாவும் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பெயரை 1942-ல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938-ல் காசநோய் வந்து மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரின் சானடோரியத்தில் படுத்திருந்தார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வும் நல்ல காற்றும்தான் வைத்தியம். மாதக்கணக்கில் கூரையைப் பார்த்தபடி கிடக்க வேண்டும். முதல் உலகப் போர்க்களத்தையே வரைந்த கை சும்மா இருக்குமா? கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பொருள்களை வரைய ஆரம்பித்தார். மனம் தெம்பானது. பிறகு மற்ற நோயாளிகளுக்கும், போரில் காயம்பட்டு வந்த வீரர்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். வரைவதே மருந்து என்பது அவர் கட்சி.

இன்னொரு வேர் மருத்துவமனையில் இல்லை, ஒரு சிறை முகாமில் இருக்கிறது.

ப்ராக் நகருக்கு வடக்கே தெரசின் என்ற கோட்டை நகரம். நாஜிகள் அங்கே யூதர்களை அடைத்துவைத்திருந்தார்கள். 1942 டிசம்பரில் கணவரோடு அங்கே கொண்டுவரப்பட்டவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்தவர், ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். கையில் எடுத்துப்போக அனுமதித்த கொஞ்சம் சாமான்களில் அவர் ஓவியப் பொருள்களைத் திணித்துக்கொண்டார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு ரகசியமாக வகுப்பெடுத்தார். காகிதம் கிடைக்காதபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் வரைந்தார்கள். பிள்ளைகள் வரைந்ததில் முகாமின் அடுக்குக் கட்டில்களும் உண்டு, பூக்களும் பட்டாம்பூச்சிகளும் உண்டு. 'இதை வரை, அதை வரையாதே' என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்தினார்: படத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். மனிதர்களுக்கு எண் கொடுத்து வரிசையில் நிற்கவைத்த இடத்தில், அது சின்ன விஷயமில்லை.

1944-ல் கணவரை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அவரோடு சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில், அடுத்த ரயிலில் தானும் போகிறேன் என்று ஃப்ரீடல் தானாகப் பெயர் கொடுத்தார். புறப்படும் முன் பிள்ளைகளின் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் அடுக்கி, பத்திரப்படுத்தக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். கணவர் பிழைத்துக்கொண்டார். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. போர் முடிந்ததும் சூட்கேஸ்கள் ப்ராக் வந்து சேர்ந்தன. அந்தப் படங்கள் இன்றும் அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஃப்ரீடலின் மாணவி எடித் கிராமர், 1938-லேயே நியூயார்க்குக்குத் தப்பிவிட்டார். அதற்கு முன் ப்ராக்கில் ஃப்ரீடல் அகதிக் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தபோது கூடவே இருந்து உதவியவர். 1950 முதல் நியூயார்க் மாநிலத்தின் வில்ட்விக் பள்ளியில், சட்டத்தோடு மோதி வந்த சிறுவர்களோடு வேலை பார்த்தார். கோபமும் அடிதடியுமாக இருந்த பையன்கள். அவர்கள் கையில் பெயின்ட்டையும் களிமண்ணையும் கொடுத்தார். உடைக்கத் துடிக்கும் கை அதே வேகத்தில் ஒன்றை உருவாக்கும்போது, உள்ளே இருக்கும் கொந்தளிப்புக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது, வடிவம் கிடைத்ததைச் சமாளிக்கவும் முடிகிறது என்பது கிராமரின் கொள்கை. படத்துக்கு விளக்கம் சொல்வது அவருக்கு முக்கியமில்லை. சிகிச்சையாளர் பிள்ளைக்கு 'மூன்றாவது கை'யாக இருக்க வேண்டும் என்றார். அதாவது, பிள்ளை தடுமாறும் இடத்தில் உதவுவார். ஆனால், படம் பிள்ளையின் படமாகவே இருக்கும்.

அதே நியூயார்க்கில் மார்கரெட் நாம்பர்க் இதற்கு நேர் எதிரான திசையில் போனார். ஃப்ராய்ட், யுங் இருவரின் சிந்தனைகளில் ஊறியவர். வாயால் சொல்ல முடியாததை மனம் படமாகச் சொல்லும் என்று நம்பினார். அவருடைய சகோதரி ஃப்ளோரன்ஸ் கேன் ஓர் ஓவிய ஆசிரியை. அவர் வகுப்பில் பயன்படுத்திய கிறுக்கல் பயிற்சியை நாம்பர்க் எடுத்துக்கொண்டார். கையைத் தூக்காமல் இஷ்டத்துக்குக் கிறுக்க வேண்டும். பிறகு அந்தக் கோடுகளுக்குள் என்ன தெரிகிறது என்று பார்த்து அதை முழுப் படமாக்க வேண்டும். அதன்பின் அதைப் பற்றிப் பேச்சு.

ஒருவருக்கு வரைவதே சிகிச்சை, இன்னொருவருக்குப் படம் ஒரு பேச்சு. இந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படத்தை அலசிய நாம்பர்க்கூட 'இதற்கு இதுதான் அர்த்தம்' என்று தானே தீர்ப்பு சொல்லவில்லை. வரைந்தவரைத்தான் சொல்லவைத்தார். பாம்பு என்றால் பயம், கறுப்பு என்றால் சோகம் என்ற அகராதி இரண்டு பேரிடமுமே கிடையாது.

பின்னால் வந்தவர்கள் வேறு கேள்விகளையும் கேட்டார்கள். எந்தப் பொருளால் வரைகிறோம் என்பதே மனதை மாற்றாதா? 1978-ல் காகின், லூஸ்பிரிங்க் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் இதற்கு ஒரு வரைபடமே போட்டார்கள். ஈரக் களிமண், விரலால் தீட்டும் பெயின்ட் போன்றவை உணர்ச்சியைச் சட்டென்று அவிழ்த்துவிடும். பென்சிலும் ஸ்கேலும் கட்டுக்குள் வைக்கும். ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கும் ஒருவர் கையில் முதல் நாளே குழைந்த பெயின்ட்டைக் கொடுத்துவிடக் கூடாது. கலரிங் புக் வாங்கித் தருவதற்கும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் போவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கலரிங் புக் நல்ல பொழுதுபோக்கு. அவ்வளவுதான்.

'எனக்கு வரையவே வராதே' என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2016-ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பெரியவர்களை 45 நிமிடங்கள் இஷ்டப்படி வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். சுமார் 75 சதவிகிதம் பேருக்குக் கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதைவைத்துப் பெரிதாகக் கொண்டாட முடியாது. ஆனாலும் ஆறுதலான சேதி.

நம் மொழி பேசும் பிள்ளைகளும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். 1996-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வரைந்தார்கள், மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள்.

சரி, கறுப்பு சூரியனுக்கு வருவோம். 'ஏன் கறுப்பு?' என்று கேட்டால், தப்பு செய்துவிட்டோமோ என்று பிள்ளை நினைக்கும். 'சூப்பர்!' என்று சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இந்தப் படத்தைப் பத்திச் சொல்லேன்' என்று கேட்டுப் பாருங்கள். கிரகணம் என்று சொல்லலாம். சொல்ல விருப்பமில்லாமலும் போகலாம், விட்டுவிடுங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் என்று நாம் எல்லோரும் வரைந்தோமே, அதையே தினமும் வரைந்தாலும் கேலி செய்யாதீர்கள். இப்படி அச்சடித்த மாதிரி வரும் படங்கள் சில நேரம் மனம் பத்திரமாக ஒளிந்துகொள்ளும் இடம் என்பது கிராமரின் பார்வை.

கவலைப்பட வேண்டியது நிறத்துக்காக அல்ல. தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, பள்ளிக்குப் போகவே அழுகிறாளா என்று பாருங்கள். அப்படியிருந்தால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். முதலில் போனில் பேச, அரசின் டெலிமானஸ் இலவச எண் 14416 இருக்கிறது.

அப்புறம், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கீழே ஓரத்தில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல்லுங்கள்.