இடியனும் தாங்கியும்: வாயால் மருந்திடும் பிஸ்தோலுக்கு ஒரு மரத் தாங்கி

இடியன் துவக்கு என்று சொன்னால் எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தோட்டா போடுகிற துவக்கு வருவதற்கு முன்பிருந்த சாமான் அது. குழலின் வாயாலேயே மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கோலால் இடித்து இறுக்க வேண்டும். சேனைக் காவலுக்குப் பாவித்த நீளத் துவக்கைத்தான் நம்மவர்கள் அறிவார்கள். அதே முறையில் இயங்கிய கைத்துவக்கு, அதாவது பிஸ்தோல், வேறு கதை. அதற்கு மருந்திடும்போது பிடித்துக்கொள்ள ஒரு மரத் தாங்கி வேண்டும். அந்தத் தாங்கியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக வரலாற்று ஆசிரியையும் நானும் மாணவர்களோடு சேர்ந்து அப்படியொரு தாங்கியைச் செய்தோம். அதில் நிறுத்திய பிஸ்தோல் மரத்தால் ஆனது, குழல் மூங்கில். மருந்தும் இல்லை, இரும்பும் இல்லை. உண்மைத் துவக்கை அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டோம்.

தாங்கி எதற்கு? நீளத் துவக்கின் அடிக்கட்டையை நிலத்தில் ஊன்றினால் குழல் தானாக மேல்நோக்கி நிற்கும். ஒரு கையால் குழலைப் பிடித்து மறு கையால் வேலையைப் பார்க்கலாம். பிஸ்தோலின் பிடி குட்டையானது, வளைந்தது, ஊன்றினால் நிற்காது. ஒரு கை எந்நேரமும் அதையே பிடித்திருக்க, மருந்தளவை, துணித்துண்டு, குண்டு, இடிகோல் எல்லாவற்றையும் மற்றக் கை ஒன்றே பார்க்க வேண்டும். பிடி நழுவினால் குழலின் வாய் பிடித்திருப்பவரின் முகத்துக்கோ வயிற்றுக்கோ திரும்பிவிடும். ஆபத்து அங்கேதான்.

பழைய காலத்தவர்கள் இதற்கு வெவ்வேறு வழி கண்டார்கள். பிரித்தானியக் குதிரைப்படைப் பிஸ்தோல்கள் பலவற்றில் இடிகோல் கைதவறி விழாதபடி அதைக் குழலோடு கீல் போட்டு இணைத்தார்கள். உஸ்மானியப் பேரரசில் பலர் இடிகோலைத் தனியாக இடுப்பிலோ கழுத்திலோ தொங்கவிட்டார்கள். துருக்கியர் அதை ‘ஹர்பி’ என்றனர். போரைக் குறிக்கும் ‘ஹர்ப்’ என்ற அறபுச் சொல்லை அதில் காணலாம். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வகைத் துவக்குகளால் குறிபார்த்துச் சுடும் போட்டிகள் நடக்கின்றன. பங்குபற்றுபவர்கள் பலர் தாங்கியைத் தங்கள் வீட்டிலேயே மரத்தால் செய்துகொள்கிறார்கள். அந்த அமைப்பைத்தான் நாங்களும் பின்பற்றினோம்.

முதலில் அடிப்பலகை. ஓரடி நீளம், ஆறு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். முதிரைப் பலகை கிடைத்தது நல்லதாய்ப் போயிற்று. இடிகோலால் அழுத்தும் பலம் முழுவதும் கீழே இறங்குவதால் அடிப்பலகை பாரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாங்கியே சரிந்துவிடும். பலகையின் நடுவில் பிடியின் அடிப்பாகம் அமரும் அளவுக்கு ஒரு குழி குடைந்து, உள்ளே பழைய தோலை ஒட்டினோம்.

அடுத்தது நிமிர்பலகை. இதற்குப் பலா போதும். அடிப்பலகையில் துளை வெட்டி நிமிர்பலகையின் நாக்கை அதில் இறக்கி, மரமுளை அடித்துப் பசையிட்டோம். அதன் மேல்முனையில் ஒரு கவை வெட்டி, அதற்கும் தோல் போட்டோம். பிடி குழியிலும் குழல் கவையிலும் அமர்ந்தால் பிஸ்தோல் அசையாது. நிமிர்பலகை நேர்செங்குத்தாக இல்லாமல், நிரப்புபவருக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். குழலின் வாய் மேலேயும் வேண்டும், முகத்துக்கு நேராகவும் வரக்கூடாது. இரண்டுக்கும் அந்தச் சாய்வுதான் வழி.

“ஏன் சேர் ஆணி அடிக்கல்ல?” என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. இரும்பு கல்லிலோ இன்னொரு இரும்பிலோ உரசினால் பொறி பறக்கும். கரிமருந்துக்கு ஒரு பொறி போதும். எனவே மருந்து புழங்கும் இடத்தில் மரம், தோல், பித்தளை இவைதான் பாவிக்கப்படும். திருகாணி தவிர்க்க முடியாவிட்டால் அதுவும் பித்தளையாக இருப்பது நல்லது.

சுழலும் அறைகள் கொண்ட ரிவோல்வருக்கு இந்த அமைப்பு கொஞ்சம் மாறும். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வகையில் ஒவ்வோர் அறையையும் முன்பக்கத்தால் தனித்தனியாக நிரப்ப வேண்டும். பின்னால் வந்தவற்றில் குழலுக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அறையைவிட மயிரளவு பெரிய ஈயக் குண்டை அதுவே அழுத்தி உள்ளே இறக்கும். ஆகவே அந்த நெம்புகோல் தடையின்றி அசையவும் உருளை சுற்றவும் தாங்கியில் இடம் விடுகிறார்கள்.

தாங்கியின் ஓரத்தில் குண்டுகளுக்கும் துணித்துண்டுக்கும் அளவைக்கும் சிறு குழிகள் உண்டு. தட்டினால் தீப்பிடிக்கும் செம்புத் தொப்பிகளுக்கு மட்டும் மருந்திலிருந்து தள்ளித் தனி இடம். தாங்கியில் இருக்கும்போது தொப்பியைப் பொருத்துவதே இல்லை. சுடும் இடத்துக்குப் போய், குழல் இலக்கை நோக்கிய பிறகு, கடைசியாகத்தான் அது.

கண்காட்சிக்கு வந்த முன்னாள் சேனைக்காரர் ஒருவர் அந்த அளவைக் குழியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய வலக்கையில் மூன்று விரல்கள்தான். “கொம்பால நேரா ஊத்தினன் மாஸ்டர். உள்ளுக்குள்ள நெருப்பு கெடந்திருக்கு” என்றார். முதல் வெடியின் கனல் குழலுக்குள் அணையாமல் இருந்திருக்கிறது. மருந்துக் கொம்பிலிருந்து நேரடியாக ஊற்றியதால், இறங்கிய மருந்தில் பற்றிய தீ கொம்பு முழுவதையும் கைக்குள்ளேயே வெடிக்க வைத்துவிட்டது. முதலில் சிறு அளவையில் எடுத்து, கொம்பை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அளவையிலிருந்து ஊற்ற வேண்டும் என்ற விதி இதனால் வந்ததுதான். நான் பத்து நிமிடம் விளக்கியது பிள்ளைகளுக்கு அவருடைய கையைப் பார்த்ததும் விளங்கிற்று.

தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் சொற்களையும் தொடாமல் விட முடியவில்லை. துவக்கு, துப்பாக்கி இரண்டும் துருக்கி வழி வந்தவை. சிங்களத்தில் அது ‘துவக்குவ’. வெடிக்கிற தூளை நாம் ‘மருந்து’ என்கிறோம். சிங்களவர் ‘வெடி பெஹெத்’ என்கிறார்கள், பெஹெத் என்றாலும் மருந்துதான். மலாய் மொழியில் ‘உபத் பெடில்’. உபத் மருந்து, பெடில் நம்முடைய ‘வெடில்’ என்று சொல்லாய்வாளர் காட்டுவர். சீனர் ‘தீ மருந்து’ என்று பொருள்படும் சொல்லைப் பாவிக்கிறார்கள். அறபியில் வெடிமருந்தைக் குறிக்கும் ‘பாரூத்’ ஒரு காலத்தில் வெடியுப்பின் பெயராக இருந்தது. அந்தலூஸில் பிறந்த இப்னுல் பைத்தார், 13ஆம் நூற்றாண்டில் நோய் தீர்க்கும் பொருட்களைத் தொகுத்த தமது நூலில் அதைக் குறித்திருக்கிறார். அதே நூற்றாண்டில் சிரியாவின் ஹசன் அர்ரம்மாஹ் வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையை எழுதினார். ஒருவருக்கு அது மருத்துவப் பொருள், மற்றவருக்குப் போர்ப் பொருள். இத்தனை மொழிகள் ஒரே பெயரை வைத்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கட்டுத்துவக்கில் கால் பறிபோனவர்களின் செய்தி இன்றும் நம் நாட்டுப் பத்திரிகைகளில் வருகிறது. விலங்குக்கென்று காட்டுப் பாதையில் கட்டி வைப்பது, விறகுக்குப் போனவரைச் சுடுகிறது. அதைக் கட்டியவர் அவ்விடத்தில் இருப்பதில்லை. தாங்கியின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. நிரப்புகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார், வாய் எங்கே பார்க்கிறது என்பதைக் கணந்தோறும் கவனிக்கிறார், தீக்குரியதைக் கடைசிவரை தள்ளி வைக்கிறார்.

எங்கள் தாங்கி இப்போது வரலாற்று அறையில் இருக்கிறது. 1505இல் போர்த்துக்கேயர் வந்த பாடம் நடக்கும்போது மாணவர்கள் மரப் பிஸ்தோலை அதில் நிறுத்தி, மருந்துக்குப் பதில் மணலை அளந்து ஊற்றி, முழு வேலையையும் வரிசையாகச் செய்து பார்க்கிறார்கள். ஒரு வெடிக்கு இவ்வளவு நேரமா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அதிலிருந்து பாடத்தைத் தொடங்குவது ஆசிரியைக்கு இலேசாக இருக்கிறதாம்.