போன் வழி வரவும் வரிக் கணக்கும்

2025 ஜூலையில் கர்நாடகத்துச் சிறு கடைக்காரர்கள் பலருக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. யு.பி.ஐ. வரவைக் கூட்டிப் பார்த்து, ஜி.எஸ்.டி. பதிவு ஏன் இல்லை என்று கேட்டிருந்தது. உடனே சில கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அதனால் பயனில்லை, ரொக்க விற்பனையும் சேர்ந்ததே விற்றுமுதல்.

தமிழ்நாட்டிலும், மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்போருக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். காய்கறி, பால் போன்ற வரிவிலக்குச் சரக்கு மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் கூடவே பிஸ்கட், சோப்பும் வைத்திருந்தால், காய்கறி விற்ற பணமும் அந்த 40 லட்சத்தில் சேரும். வணிக அன்பர்கள் பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

மைத்துனர் திருப்பித் தரும் கைமாற்றைக் கடைக் கணக்கில் வாங்காதீர்கள். அது விற்பனைப் பணம் அல்ல என்று பிறகு நீங்கள்தான் காட்ட வேண்டிவரும்.